விட்ட இடத்திலிருந்து

பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ‘லாங் ஆப்சென்ட்’ என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வகுப்புப் பக்கமே வராமல், பெயர் மட்டும் பதிவேட்டில் தங்கிப்போன பிள்ளை என்று அதற்குப் பொருள். அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வரைக்கும் கூடவே நடப்பது என் தொழில். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை இருப்பவர்கள். கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறவன், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவள், பனியன் கம்பெனியில் கைமடி உதவியாளாகச் சேர்ந்தவள். இவர்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருக்கிறது: “படிப்பு ஏறலை.” வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். பிள்ளையும் சில நாளில் அதையே தன்னைப் பற்றிய விளக்கமாக எடுத்துக்கொள்கிறது. இந்த வேலையில் இருந்து நான் வந்து சேர்ந்த கருத்து வேறு. படிப்பு ஏறாமல் இல்லை. ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு படியில் அறுந்திருக்கிறது. அறுந்ததை யாரும் பார்க்கவில்லை, பிள்ளை அதை மறைத்தது, மறைக்கிற பாரம் தாங்காமல் கடைசியில் விலகிப்போனது. ஆகவே அந்த அறுந்த படிக்கே திரும்பிப் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குறைந்தது ஒரு வருடத்துக்கு எழுந்து போகக் கூடாது. ஊக்கப் பேச்சு, சுற்றுலா, பரிசுப்பொருள், ஆற்றுப்படுத்தல் எல்லாம் இதற்குப் பிறகுதான் வர வேண்டும் என்பது என் வாதம்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல, ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் மறைப்பதில் தேர்ந்தவர்கள். எட்டாம் வகுப்பு நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். போர்டில் இருப்பதை ஓவியம் போலப் பார்த்து வரைந்த எழுத்து அது. வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். வாசிக்கத் தெரியாதவன் வகுப்பில் கோமாளி வேஷம் கட்டுவதும், திட்டு வாங்கி வெளியே நிற்பதும் கணக்குப் போட்டுச் செய்கிற காரியங்கள். ‘ரவுடி’ என்று பெயர் வாங்குவது ‘மக்கு’ என்று பெயர் வாங்குவதைவிட மானமானது. அதனால் பரீட்சை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தவறுகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 302-இலிருந்து 147-ஐக் கழித்து 245 என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று பொருளில்லை. ஒவ்வொரு தானத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. நடுவில் சுழியம் வந்தால் எங்கே போய்க் கடன் வாங்குவது என்பது புரியாத ஒரே ஒரு நாள் எப்போதோ கடந்து போயிருக்கிறது. 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்று எழுதுகிறவளுக்கும் அதே சுழியம்தான் பகை. அரையும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பவன் பின்னத்தை ஓர் எண்ணாகவே பார்த்ததில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தனித்தனி எண்களைக் கூட்டுகிறான். பத்தாம் வகுப்பு இயற்கணிதம் அவனுக்குப் புரியவில்லை என்று பத்தாம் வகுப்புப் பாடத்தையே மீண்டும் மீண்டும் நடத்துவது, நாலாம் மாடியில் ஒழுகுகிறது என்று நாலாம் மாடிக்கே வெள்ளையடிப்பது போல. தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறது.

இதைச் சொன்னதும், “எல்லாம் ஆல் பாஸ் போட்டதால் வந்த வினை” என்பார்கள். குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கும் உரிமையை அரசுகளுக்குக் கொடுத்த பிறகும் தமிழ்நாடு தேர்ச்சி முறையையே தொடர்கிறது. அதை நான் சரி என்றே நினைக்கிறேன். பின்தங்கிய பிள்ளையை அதே வகுப்பில் உட்காரவைத்தால் அதே பாடம் அதே வேகத்தில் இன்னொரு முறை காதில் விழும். அறுந்த படி அறுந்தபடியே கிடக்கும். கூடுதலாக, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரும் அவமானம் சேரும். ஆனால் அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை நாம் மறந்துவிட்டோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும் பிள்ளைக்கு, மற்றவர்களோடு சமமாக வரும்வரை சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. வகுப்பேற்றியதை எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கைவிட்டோம். அந்தப் பயிற்சி நடக்கக்கூடியதுதான் என்பதற்கு மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு செய்த ‘பால்சகி’ ஏற்பாடு சான்று. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களுக்கு இரண்டு வாரம்போலப் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து அடிப்படையைக் கற்பிக்கச் சொன்னார்கள். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உள்ளிட்ட குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியதைக் காட்டியது. ஏற்பாடு நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்ததையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. அந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. வறுமைதான் காரணம், டியூஷன் வைத்து வறுமையை எப்படித் தீர்ப்பாய் என்பது. தீர்க்க முடியாது. மதிய உணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, இலவசப் பேருந்து அட்டை, சைக்கிள், விடுதி, உயர்கல்வி சேரும் அரசுப்பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று இந்த மாநிலம் செய்திருப்பவை சின்னக் காரியங்கள் இல்லை. இவை இல்லாவிட்டால் என் வகுப்புக்கு வரப் பிள்ளையே இருக்காது. ஆனாலும் 2023 மார்ச் 13 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை. அவர்கள் 2021-இல் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்ற அணி. சோறும் சைக்கிளும் பிள்ளையை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே ஒன்றும் புரியாமல் ஐந்து மணி நேரம் உட்காருவதற்கு அவை சம்பளம் ஆகா. பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் ஒரு நாள் முழுக்க எதற்கும் உதவாதவனாக இருக்கிறான். அதே பையன் முகூர்த்த நாளில் இருநூறு இலைக்குப் பரிமாறிவிட்டு, இரவு கையில் காசோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுக்கிறான். எந்த இடம் அவனை மனிதனாக மதிக்கிறது என்று அவன் முடிவெடுப்பதில் ஒரு தவறும் இல்லை. வறுமை தள்ளுகிறது என்பது உண்மை; வகுப்பறை பிடித்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. முதலாவதை அரசும் பொருளாதாரமும்தான் மாற்ற வேண்டும். இரண்டாவதில் என்னைப் போன்றவர்கள் கை வைக்க முடியும். அதற்கு வகுப்பின் கடிகாரம் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஏற்ப ஓட வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்காட்டியைப் பார்க்காமல் அட்டவணை போடுகிறவருக்கு இந்த வேலை புரியவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிற சட்டத்தில் நான் வளைந்து கொடுப்பதில்லை. அதற்கு மேற்பட்டு, ஆபத்தில்லாத வேலைக்குப் போகிற பிள்ளையிடம் “வேலையை விட்டால்தான் வகுப்பு” என்று சொல்வதும் இல்லை; சொன்னால் அவன் எதை விடுவான் என்று தெரியும்.

இனி, எப்படிப் பேசுவது. தமிழ்ப் பெரியவர்களிடம் பிள்ளை வந்து உட்கார்ந்தால் முதலில் கிளம்புவது அறிவுரை. அப்பா அம்மா படுகிற கஷ்டம், முன்னுக்கு வந்தவர்களின் கதை, “உன்னால் முடியும்” என்கிற முழக்கம். இந்தப் பிள்ளைகள் அதை நூறு முறை கேட்டவர்கள். ஒவ்வொரு முறையும் முடியாமல்போன அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. “உன்னால் முடியும்” என்று கேட்டுக் கேட்டு, முடியாததற்குத் தன் சோம்பல்தான் காரணம் என்று நம்பத் தொடங்கிவிட்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது, முடிந்ததற்கான சான்று. அதுவும் முதல் வாரத்திலேயே, அவர்கள் கையாலேயே. அதனால் நான் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பனியன் கம்பெனியில் பீஸை டஜனாக எண்ணுகிறவளுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வாயில் இல்லாவிட்டாலும் கையில் இருக்கிறது. ஷெட்டில் நிற்கிறவனுக்கு அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும். இதை வெறும் நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்து 1985-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். தாள் அவர்களுக்குத் தெரியாது. தெருவுக்கும் தாளுக்கும் நடுவில் பாலம் கட்டுவதுதான் சொல்லிக்கொடுப்பவரின் வேலை. அந்தப் பாலம் தானாக அமையாது. இலைக்கணக்கை வாயால் சொல்கிறவன் அதையே தாளில் எழுதப் பல வாரம் ஆகும், வாசிப்பில் அறுந்தவனுக்கு இன்னும் நாளாகும். அந்த வாரங்களில்தான் உறவு பிறக்கிறது. பள்ளியில் ‘சார்’, ‘மிஸ்’ என்று கூப்பிடுகிற பிள்ளைகள் மாலை வகுப்பில் ‘அண்ணா’, ‘அக்கா’ என்கிறார்கள். அந்தச் சொல் அன்பளிப்பாக வருவதில்லை. ஒரே தவறை எட்டாவது முறை செய்தபோதும் முகம் மாறாமல் பக்கத்தில் இருந்த ஆளுக்கு வருகிறது. பிறகுதான் வீட்டில் நடப்பதை, பயப்படுவதைச் சொல்வார்கள். பேச வைப்பதற்காகப் பாடத்தை ஒத்திவைத்தால் பாடமும் நடக்காது, பேச்சும் வராது.

தேர்வு நெருங்கும்போது எழுகிற மறுப்பை ஆசிரியர்கள் நேர்மையாகவே எழுப்புகிறார்கள். அடிப்படையிலிருந்து கட்ட நேரம் எங்கே? தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தரும் ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுத்துப் பாஸ் ஆக்கிவிடலாமே? பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 35 வாங்கினால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16. இந்த முப்பதைப் பயிற்சியால் பிடித்துவிட்டு, இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைச் சேர்த்தால் கரையேறலாம் என்பது எல்லா ஊர் ஆசிரியர்களுக்கும் தெரிந்த கணக்கு. நான் இதை இகழ மாட்டேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு மூடப்படும் கதவுகளை நினைத்தால் அந்த 35 ஒரு உயிர்க்கயிறு. நானும் ஜனவரிக்கு மேல் அந்த வழியைக் கையில் எடுக்கிறேன். ஆனால் ஜூனிலேயே எடுப்பதை எதிர்க்கிறேன். தொடுகோடு வரைவதைப் படிப்படியாக மனப்பாடம் செய்தவன், வட்டத்தின் ஆரம் மாறிய வினாவைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுகிறான். “நான் மக்கு” என்கிற பழைய தீர்ப்பு, இம்முறை அரசாங்க முத்திரையோடு உறுதியாகிறது. தேறியவனுக்கும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை: பதினொன்றாம் வகுப்பில் புத்தகம் கனமாகிறது, அடித்தளம் அதே இடத்தில் கிடக்கிறது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை கழித்தலும் வகுத்தலும் பின்னமும் வாசிப்பும் படித்த பிள்ளைக்கு ஜனவரியில் மினிமம் மெட்டீரியல் கொடுத்தால் அது வேறு மாதிரிப் பிடிபடும். அந்த ஏழு மாதம் வீண் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உண்மையில் பொறுமை குறைவு.

எனக்கு மிகவும் கவலை தருவது நல்ல மனம் படைத்தவர்களிடமிருந்து வரும் மறுப்பு. “ஏன் ஒரு வருடம் என்று கட்டாயப்படுத்த வேண்டும்? மூன்று மாதம் வந்து சொல்லிக்கொடுத்தால்கூட அந்த அளவுக்கு லாபம்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்?” வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939 முதல் 1945 வரை, வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட பையன்களுக்கு ஆலோசகர்களை நியமித்தார்கள். மாதம் இரண்டு முறைபோல வீட்டுக்குப் போனார்கள், பாடத்தில் உதவினார்கள், மருத்துவம் பார்க்க வைத்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். உதவி பெற்ற பையனுக்கும் பெறாத பையனுக்கும் ஒப்புமை பார்த்து ஜோடி சேர்த்து, மொத்தம் 506 பேரைத் தொடர்ந்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து 1978-இல் வெளியிட்ட முடிவு, துறையையே உலுக்கியது. உதவி பெற்றவர்களில் பலர் தங்களுக்கு அது நன்மை செய்ததாகவே நினைவு கூர்ந்தார்கள். ஆனால் குடி, மீண்டும் குற்றம் செய்தல், உடல்நலம், இளவயது மரணம் ஆகியவற்றில் அவர்களின் நிலை உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஏன் என்பதற்கு மெக்கார்ட் சில ஊகங்களைத்தான் முன்வைத்தார்: வெளியாள் மீது சார்பு வளர்ந்து, அந்த ஆள் விலகியதும் விழுந்திருக்கலாம், எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு நிறைவேறாமல் விட்டிருக்கலாம். முகாமில் ஒரே மாதிரிப் பையன்களைச் சேர்த்து வைத்தது கெடுத்தது என்று பின்னாளைய ஆய்வு சுட்டியது. இதோடு 2002-இல் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வழிகாட்டி ஏற்பாடுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வழிகாட்டியோடு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளே அதிகப் பயன் பெற்றார்கள். மூன்று மாதத்துக்குள் அறுந்த உறவுகளில், பிள்ளைக்குத் தன்மீதிருந்த மதிப்பும் படிப்பில் இருந்த நம்பிக்கையும் முன்பைவிடக் குறைந்தன. இது நான் பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துகிறது. அப்பா போனவன், பள்ளி கைவிட்டவன், ஒரு அண்ணன் வந்து மூன்று மாதம் தோளில் கை போட்டுவிட்டு ‘எனக்கு வேலை கிடைச்சிடுச்சு’ என்று மறைந்தால், அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான். அடுத்து வரும் ஆளிடம் மனம் திறக்கவே மாட்டான். ஆகவே, மூன்று மாதம் ஒதுக்கக்கூடியவர்களை நான் மதிக்கிறேன்; அவர்களைப் பிள்ளையோடு உட்கார வைப்பதில்லை. வினாத்தாள் தயாரிக்க, சான்றிதழ் வேலையாக அலைய, புத்தகம் சேகரிக்க அனுப்புகிறேன். அதுவும் வேண்டிய வேலைதான்.

இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆள், ஒரு வருடம் என்றால் செலவு யாருடையது என்று கேட்பார்கள். செலவுக்கு முன், அது பலன் தருமா என்பதைப் பார்ப்போம். சிகாகோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்று, பள்ளி நேரத்திலேயே தினம் ஒரு பாடவேளை கணிதம் சொல்லிக்கொடுத்த ஏற்பாட்டை ஆராய்ந்தார்கள். கணிதம் உயர்ந்தது, மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தது, அடுத்த வருடங்களிலும் அது நீடித்தது. பதினைந்து வயதுக்கு மேல் என்ன செய்தும் பயனில்லை என்று நினைத்தவர்களுக்கு அது பதில். அந்தப் பயிற்றுநர்கள் ஆசிரியர் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நம் ஊரிலும் ஆளுக்குப் பஞ்சம் இல்லை என்பதை 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் காட்டிவிட்டது. மாதம் 1,000 ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை வகுப்பு எடுத்தார்கள். கொரோனாவில் இழந்ததைப் பிள்ளைகள் மீட்டதில் நான்கில் ஒரு பங்குக்கு அந்த வகுப்புகள் காரணம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அந்தத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. பிள்ளைகள் உதிர்வது ஒன்பதிலும் பத்திலும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெண் இரண்டு மாதம் அன்பாக வருவாள். ஒரு வருடம் வரவேண்டுமென்றால் அவள் வீட்டுக் கணக்கில் அது ஒரு வருமானமாக இருக்க வேண்டும். தொண்டு என்ற சொல்லால் கூலியை மறைப்பது கடைசியில் பிள்ளையின் தலையில்தான் விடியும்.

இந்த வேலைக்கு எல்லை உண்டு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் பெற்றோர் இல்லை, போலீஸ் இல்லை, மருத்துவர் இல்லை. கதவு திறந்திருக்க வேண்டும், வேறொரு பெரியவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இரவு நேரத் தனிப்பட்ட அலைபேசிப் பேச்சு கூடாது. பிள்ளை ஒரு கொடுமையைச் சொன்னால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் குற்றமென்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். பிள்ளையின் எல்லாத் துன்பத்தையும் நானே சுமப்பேன் என்று கிளம்புகிறவர்கள்தான் ஐந்தாவது மாதத்தில் களைத்துப்போய் விலகுகிறார்கள்.

வருடக் கடைசியில் இருக்கும் வேலை பெரும்பாலும் காகிதம். பள்ளியில் பெயர் நீங்கிப்போனவர்கள் தனித்தேர்வராக எழுத வேண்டும். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை முதன்முறை தனியாக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து, வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். இதை அறியாமல் ஹால் டிக்கெட்டை இழக்கும் பிள்ளைகள் இருப்பதால் ஜூன் மாதமே இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். எட்டு மட்டும் தேறியவனுக்கும் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் இடம் உண்டு. தேர்வில் விழுந்தவளிடம், முடிவு வந்த அன்றைக்கே துணைத்தேர்வைப் பற்றிச் சொல்லி, விண்ணப்பம் போட வைக்க ஆள் வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் வீட்டில் வேறு ஏற்பாடு செய்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்தவர் அந்த வருடத்தோடு விலகுவதாக இருந்தால், கடைசி நாளில் கேக் வெட்டிச் சொல்லும் செய்தியாக அது இருக்கக் கூடாது. மூன்று மாதம் முன்பே பிள்ளையிடம் தேதியோடு சொல்லிவிட வேண்டும். அடுத்து வரப்போகிறவரை அப்போதே பக்கத்தில் உட்கார வைத்து, இன்ன பிள்ளைக்கு நடுவில் சுழியம் வந்தால் தடுமாறும், இன்னவளுக்கு மெய்யெழுத்துச் சேர்ந்த சொற்களில் கண் நழுவும், வைகாசியில் இவன் வியாழக்கிழமை வரமாட்டான் என்று பிள்ளைக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதி, அந்தப் பிள்ளை முன்னாலேயே வாசித்துக் காட்டிக் கையில் கொடுக்க வேண்டும்.